விளக்கு அணையாதிருக்க: ஆலயக் கல்வி நிதியும் நிலைத்த கொடையாளர்களும்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

அம்பாளின் திருவருளால் கொடியேற்றம் இனிதே நிறைவேறியது. பத்து நாள் திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் உபயகாரர் உண்டு. சில நாள்களுக்கு இரண்டு குடும்பங்கள் போட்டியிட்டு, ஒரு குடும்பத்தார் அடுத்த ஆண்டுக்கு இப்பொழுதே பெயர் பதிந்து செல்வதும் வழக்கமாகிவிட்டது. தேருக்கு மலர் அலங்காரம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, நாதஸ்வரக் கச்சேரி ஆகிய எதற்கும் குறையில்லை. ஆனால் திருவிழா முடிந்து பந்தல் பிரிக்கப்பட்ட மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ, நாட்டின் எந்த ஆலயத்துக்குச் சென்று அதன் கல்வி நிதிக் கணக்கைப் பார்த்தாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தென்படும். பிரத்தியேக வகுப்பு ஆசிரியருக்கு இம்மாத ஊதியம் கொடுத்தாகிவிட்டது. அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்று பொருளாளர் தலையில் கைவைத்து அமர்ந்திருப்பார்.

இதற்குக் காரணம் மக்களிடம் ஈகைக் குணம் குன்றிவிட்டது என்பதன்று. மக்கள் நாளுக்குக் கொடுக்கிறார்கள், மாதத்துக்குக் கொடுப்பதில்லை. கல்லுக்கும் செம்புக்கும் கொடுக்கிறார்கள்; கற்பிப்பவரின் ஊதியத்துக்குக் கொடுப்பதில்லை. கோபுரத்துக்கு வர்ணம் பூசக் கேட்டால் காசோலை வந்துவிடுகிறது. குழல்விளக்கு ஒன்றை வாங்கித் தந்து, விளக்கின் வெளிச்சமே மறையுமளவுக்குத் தம் பெயரை அதன்மேல் எழுதிவைத்தவரைப் பற்றிய வேடிக்கைக் கதையை அறியாதவர் இவ்வவையில் இருக்க முடியாது. அதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆயினும் அவரைக் குறைகூறுவதில் பொருளில்லை. தாம் கொடுத்தது எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண விரும்பினார் அவர். கல்வி நிதிக்குக் கொடுத்தவருக்கு அப்படிக் காண்பதற்கு எதை வைத்திருக்கிறது நிர்வாகம்? இக்கேள்விக்கு விடை தேடாமல், நன்கொடை வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

தொடர்ந்து கொடுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகப் பலவாகக் காணப்படுபவை நந்தா விளக்குக் கொடைகள். ஓர் அன்பர் கோயிலில் ஒரு விளக்கு என்றென்றும் எரிய வேண்டும் என விரும்பினால், ஒரு குடம் நெய்யைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் செல்வதில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுப்பார். அவ்வாடுகளைக் கோயில் ஓர் இடையரிடம் ஒப்படைக்கும். இடையர் நாள்தோறும் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு இறக்கும், முதுமையும் அடையும். ஆனால் குட்டிகள் ஈன்று மந்தையின் எண்ணிக்கை குறையாதிருக்கும். ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று குறித்தன. முதல் குறையாமல் பயன் மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்னும் பொருளாதாரக் கருத்து முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வேற்பாட்டில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஆடன்று, எழுத்து. கொடுத்தவர் யார், எவ்வூரினர், எத்தனை ஆடு, எவ்விளக்குக்கு, நெய்யை அளக்கும் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் கோயிற் சுவரிலேயே வெட்டப்பட்டன. அரசர் மாறினாலும், கோயிலை நிர்வகித்த சபையார் மாறினாலும், அந்தச் சுவரை யாரும் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாது. இன்றைய நிலை என்ன? பல ஆலயங்களில் மாதக் கொடையாளர் பட்டியல் முன்னாள் செயலாளரின் கைப்பேசியில் இருக்கிறது. தேர்தலில் அவர் தோற்றுவிட்டால் பட்டியலும் அவருடன் சென்றுவிடுகிறது. புதிய நிர்வாகம் கேட்கத் தயங்கும். பழையவர் தாமாகக் கொடுக்க மாட்டார். இருவருக்கும் இடையில் கொடையாளர் மறக்கப்படுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் செய்ததை இன்று ஒரு பேரேட்டில்கூடச் செய்யாதிருப்பது வியப்புக்குரியது.

இன்னொரு வழக்கத்தையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். வணிகர்கள் தம் விற்பனையில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது மகமை எனப்பட்டது. நகரத்தார் அதனைக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் பயன்படுத்தினர். விருதுநகரில் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தைக் கொண்டு பள்ளி நடத்தினர். 1889ஆம் ஆண்டு அங்குத் தொடங்கப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை, பின்னாளில் சென்னை மாநில முதலமைச்சரான காமராசர் படித்த பள்ளியாகும். சோறு வடிக்கும் முன் வீடுதோறும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இட்டு வைத்து, அதனைத் திரட்டிப் பள்ளிக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கமும் அவ்வூரில் இருந்தது. கொடுப்பவருக்கு அது தனிச் செலவாகவே தோன்றாது. உலை வைக்கும் வேலையோடு சேர்ந்த ஒரு வேலையாகிவிடும். ஒவ்வொரு முறையும் கொடுக்கலாமா வேண்டாமா என்று சிந்திக்க வேண்டிய நிலை இல்லாமற்போவதே தொடர் கொடையின் உயிர்நாடி.

மலாயாவில் அதே வேலையைத் தோட்டத்துச் சம்பள நாள் செய்தது. எத்தனையோ தோட்டங்களில் தொழிலாளர் சம்பளத்திலிருந்து கோயிலுக்கென்று ஒரு சிறு தொகை மாதந்தோறும் பிடிக்கப்பட்டு வந்தது. பால்மரக் காட்டின் நடுவே எழுந்த அம்மன் கோயில்களும் முனீஸ்வரர் கோயில்களும் அப்பிடித்தத்தால் நின்றவை. பெருந்தனவந்தர் எவரும் அங்கு இல்லை. எல்லாரும் கொடுத்தனர்; ஒவ்வொரு மாதமும் கொடுத்தனர். ஐம்பதுகளின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் நிலம் வீடமைப்புத் திட்டங்களுக்குச் சென்றபோதும், மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர். தெய்வத் திருவுருவங்களை எடுத்துவந்தனர். தேரையும் சிலர் கொண்டுவந்தனர். சம்பளப் பிடித்தத்தை மட்டும் கொண்டுவர இயலவில்லை. இன்றைய ஆலயங்களின் நிதிச் சிக்கலில் ஒரு பாதி அங்கேதான் தொடங்குகிறது. இதனைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொழிலாளரின் சிறு தொகையால் என்ன ஆகும் என்று கேட்பவர், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நினைவுகூரலாம். துண்டாடலால் வேலையிழக்கும் நிலையிலிருந்த தோட்டத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களே வாங்கப்பட்டன. அது பங்கு; நன்கொடையன்று. இரண்டும் வேறு வேறு என்பது உண்மையே. எனினும், நம்பிக்கை இருந்தால் ஏழை மாதந்தோறும் தவறாமல் செலுத்துவார் என்பதற்கு அதனைவிடச் சிறந்த சான்று இந்நாட்டில் இல்லை. ஐம்பதுகளில் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்குரிய இடத்தைப் பெறவும் அங்குத் தமிழ் நூலகம் அமையவும் தமிழ் எங்கள் உயிர் என்னும் நிதியைத் திரட்டியபோதும் சாதாரண மக்களையே நாடினார். 1956இல் அப்பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றது.

இனி, கணக்குக்கு வருவது நன்று. ஓர் ஆலயத்தின் பிரத்தியேக வகுப்புக்கு ஆண்டொன்றுக்கு 12,000 ரிங்கிட் தேவைப்படுவதாகக் கொள்ளலாம். ஐம்பது பேர் மாதம் 20 ரிங்கிட் வீதம் கொடுத்தால் அத்தொகை சரியாக வந்துவிடும். இதே தொகையை வங்கி வைப்பின் வட்டியிலிருந்து பெற வேண்டுமாயின், நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைத்துக்கொண்டால், 400,000 ரிங்கிட் வைப்புத் தொகை வேண்டும். அதாவது மாதம் 20 ரிங்கிட் தரும் ஐம்பது சாதாரண அன்பர்கள் நான்கு இலட்சம் ரிங்கிட் வைப்புத் தொகைக்குச் சமமானவர்கள். நான்கு இலட்சம் தரும் தனவந்தரைத் தேடி அலையும் நிர்வாகம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த ஐம்பது பேரைப் பார்ப்பதில்லை.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. நூறு பேர் சேர்ந்த பின், ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் விலகினால் ஐந்தாண்டுக்குப் பின் ஐம்பத்தொன்பது பேர் எஞ்சுவர். பத்தில் மூவர் விலகினால் எஞ்சுவோர் பதினேழு பேரே. புதியவரைச் சேர்க்கும் விழாவுக்கு மேடை, மாலை, சிற்றுண்டி எல்லாம் உண்டு. பழையவரைத் தக்கவைக்கும் பணிக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆதலால் அதனை யாரும் மேற்கொள்வதில்லை. உண்மையில் நிதி நிலைப்பதும் சாய்வதும் அப்பணியைப் பொறுத்தே அமைகிறது.

இதனை விளக்க, வட மாநிலத்துச் சிற்றூர் ஆலயம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுதல் பொருந்தும். அவ்வாலயத்தின் கல்வி நிதிக்கு ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர் ஒருவர் வீடு வீடாகச் சென்று மாதந்தோறும் தண்டல் செய்துவந்தார். மிதிவண்டியில் செல்வார், ரசீதுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒருநாள் அவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். நிர்வாகம் மருத்துவமனைக்குச் சென்று பார்த்தது, பிரார்த்தனை செய்தது, தண்டலை மறந்துவிட்டது. சில மாதங்களில் நிதி வற்றியது. கணித ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் எஸ்.பி.எம். மாணவர்க்கான வகுப்பு நிறுத்தப்பட்டது. பட்டணத்தில் கட்டண வகுப்புக்குச் செல்ல வசதியுள்ள பிள்ளைகள் சென்றுவிட்டனர். வசதியில்லாதவர்கள் வீட்டில் இருந்தனர். அவர்களுள் மூவர் அவ்வாண்டுத் தேர்வில் கணிதத்தில் தேறவில்லை. வகுப்பு நடந்திருந்தால் தேறியிருப்பார்களா என்பதை யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் வகுப்பு நடக்கவில்லை என்பது உறுதி.

அடுத்த தேர்தலில் பொருளாளராக வந்தவர் இளைஞர். பேரேட்டைப் புரட்டினார். பல பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் 'நின்றுவிட்டார்' என எழுதப்பட்டிருந்தது. ஏன் நின்றார்கள் என்று கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. அவரே ஒவ்வொரு வீடாகச் சென்றார். முதலில் சென்றது பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு. மாதம் பத்து ரிங்கிட் கொடுத்துவந்தவர் அவர்.

இளைஞர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, "பாட்டி, கோயில் கல்வி நிதி விஷயமா வந்தேன்," என்று தொடங்கியதும், மூதாட்டி எழுந்து உள்ளே சென்று ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அதில் பத்து ரிங்கிட் தாள்கள் பதினான்கு இருந்தன.

"வர்றவருக்கு ஒடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன் தம்பி. வேற யாராச்சும் வருவாங்கன்னு மாசா மாசம் எடுத்து வச்சேன். கோயிலுக்கே வந்து குடுக்கலாந்தான். முட்டி வலி, படி ஏற முடியல. யாருமே வரலையே!"

சிவப்பு மையில் நின்றுவிட்டார் என்று எழுதப்பட்டவர் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. நின்றது நிர்வாகம். இளைஞர் அன்று பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே இருந்த குறிப்பை அடித்துவிட்டு, பதினான்கு மாதங்களுக்கும் தனித்தனியே பதினான்கு ரசீதுகள் எழுதிக் கொடுத்தார். ஒரே ரசீதாக எழுதியிருக்கலாமே என்று தலைவர் பின்னர் கேட்டதற்கு, "பாட்டி ஒரே தடவையா குடுக்கல, ஐயா," என்றாராம். அப்பட்டியலில் இருந்தவர்களுள் சிலர் காலமாகியிருந்தனர். சிலர் பிள்ளைகளோடு கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சென்றுவிட்டனர். ஏனையோருள் பெரும்பாலோர் கூறிய காரணம் ஒன்றுதான்: யாரும் கேட்கவில்லை.

புதிய அன்பர்களை எங்கே தேடுவது என்னும் கேள்விக்கும் இந்நிகழ்ச்சியே விடை தருகிறது. அயலில் தேட வேண்டியதில்லை. வகுப்பில் படித்து இன்று வேலையில் இருக்கும் முன்னாள் மாணவர்கள், அவர்களின் பெற்றோர், வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சனைச் சீட்டு வாங்குபவர்கள், திருவிழாவில் பாத்திரம் கழுவும் தொண்டர்கள் ஆகியோரே முதலில் கேட்கத்தக்கவர்கள். குறிப்பாகத் தொண்டர்களிடம் பணம் கேட்பது முறையன்று எனச் சிலர் கருதுகின்றனர். அது தவறான கூச்சம். உழைப்பைக் கொடுத்தவர்க்கு அக்காரியத்தின் அருமை தெரியும். ஐந்து ரிங்கிட் கொடுக்கவும் வாய்ப்பளிக்காமல் அவரை ஒதுக்குவது மரியாதையாகாது.

கேட்கும் முறையும் முக்கியம். ஒலிபெருக்கியில் கேட்பது எல்லாரையும் கேட்பதுபோலத் தோன்றும், யாரையும் கேட்டதாகாது. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்து, இன்ன வகுப்புக்கு, இத்தனை பிள்ளைகளுக்கு, மாதம் இவ்வளவு, ஓராண்டுக்கு என்று எல்லை வகுத்துக் கேட்க வேண்டும். முடிவற்ற கடமையை ஏற்க மக்கள் அஞ்சுவர், ஓராண்டுக்கு ஒப்புவர். ஓராண்டு முடிவில் நன்றி கூறி, கணக்கைக் காட்டி, மீண்டும் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. தொகையைச் சிறிதாகக் கேட்பதும் நன்று. ஐம்பது ரிங்கிட் என்று மேடையில் ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தலைமறைவாகும் அன்பரைவிட, பத்து ரிங்கிட் என்று தயங்கிச் சொல்லிப் பத்தாண்டு கொடுப்பவர் ஆலயத்துக்குப் பெரியவர். வீதிகளிலும் வீடு வீடாகவும் பொதுமக்களிடம் திரட்டுவதாயின் 1947ஆம் ஆண்டின் வீட்டுக்கு வீடு மற்றும் தெரு வசூல் சட்டத்தின்கீழ் காவல்துறையின் உரிமம் பெற வேண்டும் என்பதையும் நிர்வாகத்தினர் நினைவில் கொள்ள வேண்டும். பலர் இதனை அறியாமலே ரசீதுப் புத்தகத்துடன் இளைஞர்களை அனுப்பிவிடுகின்றனர்.

வங்கிவழி மாதாந்திரக் கட்டளையைப் பற்றிச் சில சொற்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. உண்டியல் வெறுமையாயிற்று. அர்ச்சனைச் சீட்டு இல்லை, உபயம் இல்லை, திருமண மண்டப வாடகையும் இல்லை. அக்காலத்தில் வங்கிக் கட்டளை மூலம் மாதக் கொடை பெற்றுவந்த ஆலயங்களுக்கு அது மட்டும் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. பழைய சம்பளப் பிடித்தத்துக்கு இக்காலத்தில் நெருங்கிய உறவு இதுவே.

கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் வருடிப் பணம் செலுத்தும் முறை வேறு வகை. 2019க்குப் பின் டூயிட்நவ் கியூ.ஆர். பரவியதிலிருந்து உண்டியலுக்கருகே அவ்வட்டை இல்லாத ஆலயம் அரிது. பணம் வருகிறது, யார் கொடுத்தார் என்று பொருளாளர் பெரும்பாலும் தேடிப் பார்ப்பதில்லை. வந்த தொகையைக் கூட்டி எழுதுவதோடு நின்றுவிடுகிறார். உண்டியலில் இடுபவர் தம்மை மறைக்க விரும்பி இடுகிறார். அது அவர் உரிமை. ஆனால் மாதந்தோறும் ஒரே நாளில் ஒரே தொகையைச் செலுத்தும் ஒருவர் வங்கி அறிக்கையில் தென்பட்டால், அவர் தம்மையறியாமலே மாதக் கொடையாளர் ஆகிவிட்டார் என்று பொருள். அவருக்கு ஒரு நன்றிச் சொல் அனுப்ப வழியுண்டா என்று பார்ப்பது பொருளாளரின் கடமை.

கணக்குக் காட்டுதலைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை என்று எண்ணத் தோன்றும். ஆயினும் 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அண்டை நாடான சிங்கப்பூரில் நிகழ்ந்தது மறக்கத்தக்கதன்று. அந்நாட்டின் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்துக்கு மக்கள் மாதந்தோறும் சிறு தொகைகளைக் கொடுத்துவந்தனர். அதன் தலைமை நிர்வாகியின் ஊதியமும் சலுகைகளும் நீதிமன்ற வழக்கொன்றில் வெளிப்பட்ட சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கானோர் தம் மாதக் கொடையை நிறுத்தினர்; இயக்குநர் குழு முழுவதும் பதவி விலகியது. பல்லாண்டு பாடுபட்டுச் சேர்த்த நம்பிக்கை ஒரு வாரத்தில் கரைந்தது. நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்பு மட்டும் ஒருநாளும் நிற்க முடியாது. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் அந்த நிலையிலிருந்து நிறுவனத்தை மீட்க வேண்டியிருந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், மாதம் ஆயிரம் ரிங்கிட்டில் நடக்கும் வகுப்பு ஒரு வதந்தியையும் தாங்காது.

1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஆலயங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அறுபது நாள்களுக்குள் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். அது சட்டத்துக்குச் செய்வது. கொடையாளர்க்குச் செய்ய வேண்டியது இன்னும் எளியது. அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒரே தாள்: வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, வகுப்புக்கு வந்த மாணவர் இத்தனை பேர், வராதவர் இத்தனை பேர். குறையையும் எழுத வேண்டும். ஆங்கில ஆசிரியர் கிடைக்காமல் இரண்டு மாதம் வகுப்பு நடைபெறவில்லை என்று நேர்மையாக எழுதினால், படிப்பவர்களுள் ஒருவர் தம் உறவினரான ஆசிரியரை அழைத்துவரக்கூடும். எல்லாம் சிறப்பாக நடைபெறுகிறது என்று எழுதினால் அவர் ஏன் அழைத்து வரப்போகிறார்? வருமான வரிச் சலுகையை நாடும் கொடையாளர்க்கு, உரிய அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு அளிக்கும் நன்கொடைக்கே 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவில் கழிவு உண்டு என்பதையும், 2020 வரியாண்டு முதல் அக்கழிவின் உச்சவரம்பு மொத்த வருமானத்தில் நூற்றுக்குப் பத்து என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அனுமதி பெறாத ஆலயம் வாய்வார்த்தையாக வரிவிலக்கு உண்டு என்று சொல்லிவைப்பது பின்னர் கொடையாளரைச் சங்கடத்தில் ஆழ்த்தும்.

நிலைத்த அன்பர்களை இழக்கச் செய்யும் வேறு சில வழக்கங்களும் உண்டு; அவற்றை இங்கேயே பேசிவிடுவது நல்லது. கல்வி நிதிக்கு மாதந்தோறும் கொடுப்பவரிடமே கோபுரத் திருப்பணிக்கும், சமையற்கூடத்துக்கும், புதிய தேருக்கும் அடுத்தடுத்துக் கேட்பது முதலாவது. கொடுப்பவர் கையையே மீண்டும் மீண்டும் பிடித்தால் அவர் அக்கையை மறைத்துக்கொள்வார். கொடையாளரின் தொலைபேசி எண்களைக் காப்புறுதி முகவர்களுக்கும் அரசியல் அன்பர்களுக்கும் கொடுத்துவிடுவது இரண்டாவது. இதனைச் செய்யும் நிர்வாகியர் தாம் தவறு செய்வதாகவே எண்ணுவதில்லை. மூன்றாவது மரியாதை பற்றியது. திருவிழாவில் ஐயாயிரம் கொடுத்தவர்க்குப் பரிவட்டம், மாலை, முன்வரிசை நாற்காலி. பத்து ரிங்கிட் வீதம் இருபதாண்டுகளில் 2,400 கொடுத்த மூதாட்டி மண்டபத் தூணோரம் நின்றுகொண்டிருப்பார். அவர் மாலை கேட்கவில்லை. ஆனால் அவர் அமர ஒரு நாற்காலியாவது போடலாமன்றோ?

கொடையை நிறுத்த விரும்புவோரை எப்படி நடத்துவது என்பதும் சிந்திக்கத்தக்கது. வேலை போய்விடலாம், வீட்டில் நோய் வரலாம், பிள்ளை பல்கலைக்கழகத்தில் சேரலாம். அவ்வேளையில் அன்பர் வெட்கத்தோடு வந்து நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னால், காரணம் கேட்காமல் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வதே பண்பு. காரணம் கேட்டுச் சங்கடப்படுத்தினால் அவர் கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்வார். எளிதாக விலக முடிந்தவர்தான் நிலைமை சீரடைந்ததும் எளிதாகத் திரும்பி வருவார். காலமானவர்க்கு வாட்ஸாப்பில் நினைவூட்டல் அனுப்பும் கொடுமையும் சில இடங்களில் நடக்கிறது. பட்டியலைப் பராமரிக்கும் ஒருவர், அந்த ஒரு பணிக்கென்றே, நிர்வாகத்தில் இருந்தால் இது நேராது. பேரேடு ஒன்று ஆலய அலுவலகத்தில், அதன் நகல் ஒன்று கணக்காய்வாளரிடம் என்று இரண்டு இடங்களில் இருக்கட்டும். தேர்தல் முடிந்த வாரத்திலேயே பழைய பொருளாளரும் புதியவரும் கையொப்பமிட்டு அதனைக் கைமாற்றிக்கொள்ளட்டும்.

அந்த வட மாநில ஆலயத்தில் இப்பொழுது வகுப்பு மீண்டும் நடைபெறுகிறது. மூதாட்டி காலமாகிவிட்டார். அவர் இறுதிச் சடங்குக்குப் பொருளாளர் சென்றிருந்தார். காரியம் முடிந்த பின் பேத்தி ஒருத்தி அவரிடம் வந்து வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அவ்வாலயத்தின் வகுப்பில் படித்தவள். பட்டணத்தில் தாதியாகப் பணிபுரிகிறாள். மாதந்தோறும் ஐந்தாம் நாள் பத்து ரிங்கிட் வருகிறது. அதனை இருபதாக உயர்த்தலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. ரசீது இன்றும் பாட்டியின் பெயருக்கே எழுதப்படுகிறது.

இவ்வாலயத்தின் கல்வி நிதிக்கான படிவங்கள் மண்டப வாயிலின் வலப்புறம் மகளிர் பகுதியினரின் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. சென்ற ஆண்டின் கணக்குத் தாளும் அங்கேயே ஒட்டப்பட்டுள்ளது. படித்துப் பார்த்துவிட்டு அன்பர்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். பொருளாளர் அங்கேயே இருப்பார்.